நம்பர் சொல்லுங்க சார்

எங்கள் தெருமுனையில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற, கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட கடை. மாதம் பிறந்தால் எனக்குச் சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப்பும் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையும் அங்கேதான் வாங்குவது. கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். சீட்டை வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்: "நம்பர் சொல்லுங்க சார்."

ஒரு நாள் எனக்கு ஏதோ வீம்பு. "நம்பர் இல்லாம பில் போடுங்கம்மா" என்றேன்.

"நம்பர் அடிக்காம அடுத்த பக்கமே வராது சார்" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். பொய் இல்லை. காலியாக இருந்த கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு அது காத்திருந்தது. எனக்குப் பின்னால் நாலைந்து பேர். ஒருவர் தோளில் குழந்தை தூங்குகிறது. "குடுத்துட்டுப் போங்க சார், நம்பர்தானே, சொத்தையா எழுதிக் கேக்கறாங்க" என்று ஒரு குரல். அந்தப் பெண் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், அப்புறம் பத்து இலக்கத்தைக் கடகடவென்று அடித்தார். பில் வந்தது.

"யார் நம்பர்மா அது?"

"என்னோடதுதான் சார். பரவால்ல. பில்லு போடாம திருப்பி அனுப்புனா மேனேஜர் கேப்பாரு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. எனக்குச் சட்டம் தெரியும். 2023 மே மாதத்திலேயே ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, செல்போன் எண் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று கடைகள் சொல்லக் கூடாது, அது முறையற்ற வணிகம் என்று அறிவுறுத்தியிருக்கிறது. அதை எடுத்துச் சொல்லி நியாயம் பேசியிருக்கலாம். ஆனால் யாரிடம் பேசுவது? அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாரோ. எதிரில் நிற்பது இந்தப் பெண். நான் சட்டம் பேசினால் அவருக்குத்தான் திட்டு.

சில வருஷமாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். உளவு என்றவுடன் நாம் பெரிய பெரிய விஷயங்களையே பேசுகிறோம். 2021-இல், போனுக்குள் புகுந்து வேவு பார்க்கிற பெகாசஸ் மென்பொருள் விவகாரம் வெளிவந்தபோது டீக்கடையில்கூட அதுதான் பேச்சு. ஆனால் என்னைப் பற்றிய தகவல்களில் முக்கால்வாசியை யாரும் திருடவில்லை. நானே வாயால் சொன்னவை. முகம் தெரிந்த ஒருவர், அவருடைய வேலைக்காக, மரியாதையாகக் கேட்டார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, சொன்னேன். அவ்வளவுதான்.

என் தங்கை உண்டாகியிருந்தபோது நடந்தது ஒன்று. எங்கள் வீட்டில் மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. கண்ணு பட்டுடும் என்பது அம்மாவின் கட்சி. என்னிடமே பத்து நாள் கழித்துத்தான் சொன்னார். சித்திக்கு மட்டும் தெரியும், அதுவும் தங்கைக்கு வாந்தி எடுக்கும்போது சித்தி வீட்டில் இருந்ததால். பதினோராவது வாரம் ஒரு போன். "வாழ்த்துக்கள் மேடம்! தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிச்சு வைக்கிற திட்டம் பத்தி ரெண்டு நிமிஷம் பேசலாமா?" குழந்தை பிறக்கப் போகும் மாதத்தைக்கூட அந்தப் பெண் குரல் சரியாகச் சொன்னது.

அம்மாவுக்கு வந்ததே கோபம். எங்கேயோ இருக்கிற கம்பெனிக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தது யாருக்கு? சித்திக்கு. ஆக, சித்திதான். இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. சித்தி பால்கோவா செய்து கொடுத்தனுப்பினார், டப்பா அப்படியே திரும்பிப் போனது. ஸ்கேன் எடுத்த இடத்தில் நம்பர் கொடுத்தோமே, அங்கிருந்து போயிருக்கலாம் என்று நான் சொன்னால் அம்மா நம்பவில்லை. "டாக்டர் வீட்டுல போய் அப்படிப் பண்ணுவாங்களா? உங்க சித்திக்கு வாய் நிக்காது. எனக்குத் தெரியாதா அவளை."

சித்தி மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஸ்கேன் நிலையம்தான் என்று அடித்துச் சொல்லவும் என்னிடம் ஆதாரம் கிடையாது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்துக்கடை, தங்கை பதிந்து வைத்திருந்த ஒரு கர்ப்பகாலச் செயலி என்று அதற்குள் நாலு இடத்தில் நம்பர் போயிருந்தது. எந்த ஓட்டை என்று கண்டுபிடிக்கவே முடியாது. இந்த வியாபாரத்தின் சாமர்த்தியமே அங்கேதான். களவு போனது தெரியும், எந்தக் கதவு வழியாக என்று தெரியாது. பழி வீட்டுக்குள்ளேயே யார் தலையிலாவது விழும்.

மருமகளுக்கு இப்போது நாலு வயது. தங்கையின் போனும் அவளோடு சேர்ந்தே வளர்கிறது. முதலில் தொப்புள்கொடி, அப்புறம் டயப்பர், முதல் பிறந்தநாளுக்கு போட்டோ ஷூட், பிளே ஸ்கூல், போன மாதத்திலிருந்து அபாகஸ் வகுப்பு. அழைப்பவர்கள் மாறுகிறார்கள், கணக்கு மட்டும் பிசகுவதில்லை. பூப்பு நன்னீராட்டு விழாவுக்கு மண்டபம் வேண்டுமா என்று ஒரு நாள் கேட்பார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்ல, தங்கை சிரிக்கவில்லை.

இதே கர்ப்பத்துக்காக அரசாங்கமும் தங்கையின் நம்பரை வாங்கியது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளை பிக்மி என்கிற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும், அதில் கிடைக்கும் ஆர்.சி.ஹெச். எண் இருந்தால்தான் பிற்பாடு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். 2017-இலிருந்து இந்த நடைமுறை. பெண்ணின் அனுமதியைக் கேட்டா செய்தார்கள் என்றால், இல்லை, கட்டாயம்தான். ஆனால் பதிந்த பிறகு வந்த போன் வேறு மாதிரி இருந்தது. கிராம சுகாதார செவிலியர் தன் பெயரைச் சொன்னார், எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று சொன்னார், "ரணஜன்னி ஊசி போட்டாச்சா, இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா" என்று அதட்டினார். அம்மாவுக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுவும் ஒருவகையில் பின்தொடர்வதுதான். ஆனால் யார், எதற்கு என்று தெரியும். திருப்பிக் கூப்பிடலாம், சண்டைகூடப் போடலாம். தொப்புள்கொடிக் கம்பெனியின் நம்பருக்கு நான் திருப்பி அடித்தபோது அது உபயோகத்தில் இல்லை என்றது.

"நம்மகிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. இந்தப் பேச்சை அதிகம் பேசுகிறவரும் எங்கள் அம்மாதான். பெண் பார்த்துவிட்டுப் போன சங்கதி நிச்சயமாகும்வரை பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது. சம்பளம் கேட்டால் ஐயாயிரம் குறைத்துச் சொல்ல வேண்டும். நகை வாங்கிக்கொண்டு வந்தால் பையைத் துணிப்பைக்குள் வைத்துத்தான் தெருவில் நடக்க வேண்டும். கொடியில் உள்ளாடைக்கு மேல் துண்டு போட்டுக் காயப்போட வேண்டும். யாருக்கு, எப்போது, எவ்வளவு சொல்லலாம் என்று இவ்வளவு நுணுக்கமான இலக்கணம் வைத்திருக்கும் மனுஷிக்குத் தனியுரிமை என்பது மேல்நாட்டுச் சரக்கு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்பது பக்கத்து வீட்டுக்காரி என்றால் அம்மா உஷார். கேட்பது ஒரு பெட்டி என்றால், ஆதார் எண்ணை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்.

வார்த்தையும் ஒரு காரணமோ என்னவோ. அந்தரங்கம் என்றால் நம் காதில் படுக்கையறை விழுகிறது. வாரப் பத்திரிகையின் டாக்டர் பதில்கள் ஞாபகம் வருகிறது. தனியுரிமை என்றால் ஏதோ ஏஜென்சி எடுத்திருப்பது போல இருக்கிறது. அம்மாவின் சொல்தான் எனக்குச் சரியாகப் படுகிறது: "அது நம்ம வீட்டு விஷயம்."

ஜெராக்ஸ் கடைக்கு வருவோம். தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு கடை. முன்பெல்லாம் தாளை நீட்டினால் நகல் எடுத்து இரண்டையும் கையில் கொடுப்பார்கள். இப்போது, "வாட்ஸப்புல அனுப்பி விடுங்கண்ணே." சுவரில் நம்பர் ஒட்டியிருக்கிறது. வீட்டு வாடகை ஒப்பந்தத்தை அனுப்பிவிட்டு நின்றேன். கம்ப்யூட்டரில் வாட்ஸப் வெப் திறந்திருந்தது, திரை என் பக்கம். இடது ஓரத்தில் வரிசையாக ஊர் மக்கள். பெயர் இல்லாத நம்பர்கள், பக்கத்தில் வட்டமாக முகங்கள். கல்யாணக் கோலத்தில் ஒரு ஜோடி, முருகன், ஒரு குழந்தை. நான் நின்ற ஐந்து நிமிஷத்தில் ஒரு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஒரு பாஸ்புக் முதல் பக்கம், ஒரு ஸ்கேன் ரிப்போர்ட், ஒரு பட்டா, மூன்று ஆதார் வந்து விழுந்தன. விழுந்ததைத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, அடுத்தது. டவுன்லோட் ஃபோல்டரைத் தற்செயலாகத் திறந்தார், கீழே இழுக்க இழுக்க முடியவில்லை.

"இதெல்லாம் அழிப்பீங்களா தம்பி?"

"அழிப்பேன்ணே. சிஸ்டம் ஸ்லோ ஆகும்போது."

கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை அந்தப் பையனிடம். எனக்குச் சில்லறை இல்லாதபோது அப்புறம் கொடுங்கள் என்று அனுப்பியவர். ஆனால் அந்த மேஜைக்கடியில் இருக்கும் பெட்டியில் ஒரு தாலுகாவே கிடக்கிறது. மாட்டுத்தாவணியில் ஒருமுறை வேர்க்கடலை வாங்கினேன், பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒரு பெரியவரின் ரேஷன் கார்டு நகல். எண்ணெய் பட்டு முகம் மட்டும் மினுங்கியது. கசக்கிப் போட மனசு வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து கிழித்துப் போட்டேன். அதுவாவது ஒரு தாள். கிழித்தால் தீர்ந்தது.

ஆதார் ஆணையமே இதில் ஒரு கூத்து நடத்தியது. 2022 மே 27 அன்று அதன் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று ஒரு செய்திக்குறிப்பு விட்டது. இரண்டே நாளில், மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது, வழக்கம்போல் சாதாரண ஜாக்கிரதையோடு இருந்தால் போதும் என்று வாபஸ் வாங்கிக்கொண்டது. நான் அந்த மறைப்பு ஆதாரைப் பிரிண்ட் எடுத்து ஒரு லாட்ஜில் நீட்டியிருக்கிறேன். "சார், இதுல நம்பர் சரியா விழலையே" என்று ரிசப்ஷனில் இருந்தவர் வருத்தப்பட்டார். எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இதெல்லாம் என் போன்றவர்களுக்கு எரிச்சல், அவ்வளவுதான். எரிச்சலைத் தாண்டிப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. எங்கள் அடுக்குமாடியில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டுக்கு ஒரு செயலி வாங்கினார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் வாட்ச்மேன் அண்ணனின் போனில் படம் பிடித்துப் பதிவாகும். கூட்டத்தில் நானும் கைதூக்கி ஓட்டுப் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன். விருந்தாளிகளைப் படம் பிடிப்பது ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. காரில் வந்து இறங்கும் மாமனாரை நிற்க வைத்துப் போட்டோ எடுக்க வாட்ச்மேன் அண்ணனுக்கும் கூச்சம். நிற்காமல் ஓடுவது ஒரு பகுதி மட்டும்: வீட்டு வேலைக்கு வருகிற பெண்களின் வருகைப் பதிவு. உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், எந்தெந்த வீடு, இந்த மாதம் எத்தனை நாள், எத்தனை நட்சத்திரம்.

எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவுக்கு மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் சம்பளம் பிடித்தார்கள். ஐந்து நாள் இருபது நிமிஷம் தாமதமாம். செயலி சொன்னதாம். அவர் வந்தது சரியான நேரத்துக்குத்தான், லிஃப்ட்டில் வேலைக்காரர்கள் ஏறக் கூடாது என்று இன்னொரு விதி போட்டிருந்ததால் முதலில் கீழ்வீடுகளை முடித்துக்கொண்டு மேலே போயிருக்கிறார். அது செயலியில் வராது. "நான் வந்து போறது எல்லா வீட்டுக்கும் போன்ல போவுதாமே தம்பி. அந்த போனை எனக்கும் ஒருதரம் காட்டச் சொல்லுங்க, நான் என்னிக்கு லீவு போட்டேன்னு எனக்கே மறந்து போவுது" என்றார். காட்ட முடியவில்லை. அந்தச் செயலியில் அவருக்கென்று ஒரு பக்கம் கிடையாது.

அன்றைக்குத்தான் இந்தக் 'கண்காணிப்பு' என்ற சொல்லை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். 'இப்பகுதி சிசிடிவி கேமரா கண்காணிப்பில் உள்ளது' என்று தெருத்தெருவாகப் போர்டு தொங்குகிறது, படிப்பதே இல்லை. கண்காணி என்பது ஓர் ஆள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்ட வேலைக்குப் போன நம் ஜனங்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊருக்கு வந்து ஆள் சேர்த்துக் கப்பலுக்குக் கூட்டிப் போனவர், போகிற செலவுக்கு முன்பணம் கொடுத்தவர், அந்தக் கடனைக் கணக்கில் வைத்திருந்தவர், தோட்டத்தில் வேலை வாங்கியவர், எல்லாம் கண்காணிதான். பல நேரம் அதே ஊர், அதே சாதி, சொந்தக்காரராகக்கூட இருப்பார். இலங்கைத் தோட்டங்களில் அவருடைய ஆட்களில் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. எனவே காலையில் ஒரு தலை குறையக் கூடாது. காய்ச்சலில் படுத்திருப்பவரின் லயத்துக் கதவைத் தட்டுகிறவரும் அவரே. தோட்டம் மாற வேண்டும் என்றால் 'துண்டு' வேண்டும்: இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் சீட்டு. ஆளைவிட முக்கியம் அந்தத் தாள். அதை ஒழிக்க 1921 ஆயிற்று.

துரை யார் என்று பலருக்கும் முகமே தெரியாது. தெரிந்தது கண்காணியை. அவர் கேட்டால் எப்படி இல்லை என்பது?

மருந்துக்கடைப் பெண்ணையோ வாட்ச்மேன் அண்ணனையோ கண்காணி என்று சொல்ல வரவில்லை. கண்காணிக்காவது தலைக்காசு கிடைத்தது.

நீதிமன்றங்கள் இதற்குள் வந்த கதை நீளமானது. என்னைப் பிடித்து உலுக்கியது 1962-இல் வந்த கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்துக்காரர். கொள்ளை வழக்கில் பிடித்தார்கள், ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள், ஆனால் போலீஸ் அவர் பெயரில் ஒரு சரித்திரப் பதிவேட்டைத் திறந்துவிட்டது. அப்புறம் நடு ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார்கள். இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். உச்ச நீதிமன்றம் ராத்திரி கதவு தட்டுவது கூடாது என்றது. கூடவே, தனியுரிமை என்று அரசியல் சாசனத்தில் ஓர் உரிமை கிடையாது என்றும் சொல்லிவிட்டது. அந்த இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டுதான் அரை நூற்றாண்டு கழித்து ஆதார் வழக்கில் ஒன்றிய அரசு வாதாடியது.

நடுவில் நம்மூர் வழக்கு ஒன்று உண்டு. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை வெளியிடப் போவதாக நக்கீரன் அறிவித்தது. அதிகாரிகள் சிலரோடு இருந்த தொடர்பெல்லாம் அதில் இருக்கிறது என்றார்கள். சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994-இல் வந்த தீர்ப்பில், ஒவ்வொரு குடிமகனுக்கும் தன்னைத் தன்பாட்டில் விடச் சொல்லும் உரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அதிகாரி தன் உத்தியோகக் காரியத்தை மறைக்க அதைப் போர்வையாக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பிலிருந்து கிடைப்பதுதான். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது.

கடைசியாக 2017 ஆகஸ்ட் 24. ஒன்பது நீதிபதிகள், ஒருவர்கூட மாறுபடாமல், தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். 547 பக்கம். வழக்குப் போட்ட புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2012-இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போடும்போது அவருக்கு 86 வயது. அந்த வயதில் ஒரு மனிதர், எதற்கு என்னிடம் இதைக் கேட்கிறாய் என்று கேட்டிருக்கிறார். நான் நாற்பத்தெட்டு வயதில் மருந்துக்கடை வரிசையில் நெளிகிறேன்.

2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதற்கு விதிகள் வந்தன. எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அளவு சுலபமாகத் திரும்பப் பெற முடிய வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் அதே சட்டம் அரசுக்குத் தாராளமாக விலக்குக் கொடுத்திருக்கிறது; போகிற போக்கில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவையும் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி அதிகாரிகள் பதில் மறுக்க வழி செய்திருக்கிறது. ஆட்டோ சங்கர் வழக்கில் உருவிய போர்வையைத் திரும்பப் போர்த்திக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் ஒப்புதல் என்ற சொல்தான் என்னை அதிகம் உறுத்துவது. பின்னால் வரிசை நிற்கும்போது கொடுப்பது ஒப்புதலா?

இதை எழுத ஆரம்பித்ததற்கே காரணம் போன வாரம் நடந்தது. மருந்துக்கடைக்குப் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். இந்த ஏழெட்டு மாதமும் என் பில்லெல்லாம் அவர் நம்பரில்தான் போய்க்கொண்டிருந்தது. "சார், உங்க பாயிண்ட்டுல ஒரு டிபன் பாக்ஸ் வாங்கிட்டேன் சார்" என்றார். நல்லதும்மா என்றேன்.

"ஆனா ஒண்ணு சார். டெய்லி ஒரு மெசேஜ். சுகர் இல்லாத பிஸ்கட்டு, சுகர் பேஷன்ட்டுக்குச் செருப்பு, கால் மரத்துப்போகுதான்னு கேட்டு ஒரு போன் வேற. எங்க வீட்டுல மாப்பிள்ளை பாத்துட்டு இருக்காங்க சார். போன வாரம் எங்கம்மா போனை எடுத்துப் பாத்துட்டு, உனக்குச் சுகரா, ஏன்டி எங்ககிட்ட சொல்லலைன்னு ஒரே அழுகை."

கீழே குனிந்து ஸ்ட்ரிப் பெட்டியை எடுத்து வைத்தார். சிவப்புக் கோடு போட்ட கட்டம் காத்திருந்தது. நான் என் நம்பரைச் சொன்னேன். ஏசி சத்தத்தில் அவருக்கு நடு இலக்கம் கேட்கவில்லை. இன்னொருமுறை, நிறுத்தி, உரக்கச் சொன்னேன். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.